கொடிக்கம்பியில் ஒரு வீடு

அருள்புரத்தில், பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த அந்த லைன் வீட்டில் ஆறு குடும்பங்கள் இருந்தன. ஆறு வாசல், ஆறு அடுப்பு. ஆனால் துணி காயப்போட இருந்ததோ ஒரே ஒரு கம்பி.

பெரியவர்கள் எல்லோருக்கும் கம்பெனியில் வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. அதனால் ஒரு வாரத்து அழுக்கெல்லாம் ஒரே நாளில் வாளியோடு வெளியே வரும். கம்பியில் ஒரு சாண் கூடுதலாகக் கிடைத்தவர்கள் ராஜ்யத்தைப் பிடித்த மாதிரி நடப்பார்கள். ஒரு சாண் குறைந்தவர்கள் போருக்கு வருவார்கள்.

இந்தத் தொல்லை தாங்காமல், வீட்டு ஓனரான மயிலாள் அக்கா ஒருநாள் கம்பியை முழம் போட்டு அளந்தார். வீட்டுக்கு ஆறு முழம். ஒவ்வொரு பங்கும் முடிகிற இடத்தில் கலர் நூலால் ஒரு கட்டு. பனியன் ஊரில் நூலுக்கா பஞ்சம்?

கடைசி ஆறு முழம் ஆஷா வீட்டுக்கு வந்தது. சாயங்காலம்வரை வெயில் விழும் இடம். அதில் அவள் அம்மா ஜெபமணிக்கு ரொம்பப் பெருமை. அதற்கு முந்தைய பங்கு பக்கத்து வீட்டு ராக்கம்மாளுடையது. நடுவில் ஒரு சிவப்பு நூல் கட்டு. ஜெபமணிக்கும் ராக்கம்மாளுக்கும் ஏழாம் பொருத்தம். அதற்குக் காரணம் அந்தக் கட்டுதான். அதை யாரோ நகர்த்திவிட்டதாக மாதம் ஒருமுறையாவது பஞ்சாயத்து நடக்கும்.

ஆஷா ஐந்தாம் வகுப்புப் படித்தாள். திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது, கம்பியில் என்னவோ தொங்குவதைப் பார்த்தாள். காற்றில் வந்த வேஸ்ட் பஞ்சு என்று நினைத்துப் பிய்த்துப்போடக் கையை நீட்டினாள்.

விருட்டென்று ஒரு குருவி அவள் காதோரமாகப் பறந்து வந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மஞ்சள் வயிறு, வளைந்த அலகு. தேன்சிட்டு! அதன் அலகில் சிலந்திவலை நூல் ஒன்று மின்னியது.

ஆஷா கையை இழுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் அசையவே இல்லை.

சிட்டு கம்பியில் தலைகீழாகத் தொங்கியது. சிலந்தி நூலைச் சுற்றியது, இழுத்தது, குத்தி மறுபக்கம் எடுத்தது. காய்ந்த புல்லைச் செருகியது. அப்பா சகாயராஜ் மெஷினில் தைப்பதை ஆஷா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவருக்கு ஊசி வேண்டும், கத்தரி வேண்டும், கரண்டும் வேண்டும். இந்தச் சிட்டிடம் இருந்தது ஓர் அலகு மட்டும்தான். இத்தனை சின்னத் தலைக்குள் இவ்வளவு பெரிய வேலையை யார் வைத்தது? ஆஷாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் அவள் கைநிறையக் கலர் நூல் கொண்டுவந்து மதில்மேல் குவித்தாள். பாவம், தூக்கித் தூக்கிக் களைத்துப்போகிறதே என்றுதான். சிட்டு வந்தது. குவியலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நீல நூல் ஒன்றை எடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெள்ளை நூல். அவ்வளவுதான். மீதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஷாவுக்கு நம்பவே முடியவில்லை. அவளிடம் பதினோரு ஹேர்கிளிப் இருந்தது. பன்னிரண்டாவதற்காகப் போன மாதம்தான் கடைவாசலில் அழுது புரண்டிருந்தாள். அதை நினைத்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கூட்டைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் எல்லோரும் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிப்போய் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அவர்கள் கண்ணில் அது படவும் இல்லை. சனிக்கிழமை பார்த்தபோது சிட்டு கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அலகு மட்டும் வாசலில் தெரிந்தது. முட்டை வைத்துவிட்டது!

ஆஷாவின் சந்தோஷம் ஒரு நிமிடம்தான் நீடித்தது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஈரப் போர்வைகள் கம்பியில் விழுந்தால் கூடு என்ன ஆகும்?

ஞாயிறு காலையில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே சத்தம் கேட்டது.

"ஏத்தா ஜெபமணி, செவப்புக் கட்டைக் காணோமே. அவுத்துட்டு எடத்தை உம் பக்கம் இழுத்துக்கலாம்னு பாத்தியா?" என்று ராக்கம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெபமணி வாளியைத் தொப்பென்று வைத்தாள். தனக்கு அந்தப் புத்தி கிடையாது என்றும், யாருக்கு உண்டு என்பது ஊருக்கே தெரியும் என்றும் சொன்னாள். ராக்கம்மாள் விடுவாளா? போன தீபாவளிக் கதை வரைக்கும் போனாள். ஆறு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"மொதல்ல இந்தக் குப்பையைத் தட்டிட்டு அளந்து பாப்போம்" என்று ராக்கம்மாள் கூட்டை நோக்கிக் கையை ஓங்கினாள்.

ஆஷா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, அது குப்பை இல்ல. உள்ள முட்டை இருக்கு."

ராக்கம்மாள் நெருங்கிப் பார்த்தாள். கூட்டின் வாசலில் ஒரு சின்ன அலகு. அதற்குமேல் மணி மாதிரி இரண்டு கண்கள். கூட்டைச் சுற்றிப் புல்லோடு புல்லாகப் பின்னிக்கிடந்தது சிவப்பு நூல். கட்டை அவிழ்த்த திருடியைக் கண்டுபிடித்தாயிற்று.

எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். மயிலாள் அக்கா மட்டும் கையமர்த்தினார்.

"சத்தம் போடாதீங்க. அது பயந்து ஓடிட்டா முட்டை என்னங்க ஆகும்?"

சிரிப்பு நின்றது. ஆனால் பிரச்சினை தீரவில்லை. கூட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு முழம், அந்தப் பக்கம் இரண்டு முழம் விட்டால்தான் ஈரத்துணி அதில் மோதாது. அந்த நான்கு முழத்தை யார் விடுவது? கட்டு இருந்த இடமும் இப்போது யாருக்கும் தெரியாது. கூடு ஜெபமணியின் பங்கில் இருப்பதாக ராக்கம்மாள் சொன்னாள். இல்லை, ராக்கம்மாளின் பங்கில்தான் என்றாள் ஜெபமணி. ஒரு சாணுக்குச் சண்டை போட்டவர்கள், இப்போது நான்கு முழத்தை எதிராளியின் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

ஆஷா கூட்டைப் பார்த்தாள். இந்தக் கூச்சலிலும் சிட்டு எழுந்து போகவில்லை. முட்டையை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தது.

"அது எங்க பங்குலதான் இருக்கு" என்றாள் ஆஷா.

அம்மா அவளைத் திரும்பி முறைத்தாள்.

"நாலு முழமும் எங்களோடதுதாம்மா. மிச்சம் ரெண்டு முழம் இருக்குல்ல, அதுல உன் துணியும் அப்பா துணியும் போடு. என் துணியை நான் சைக்கிள் மேல காயப்போட்டுக்கறேன். எனக்கு அது போதும்."

அம்மா மகளைப் பார்த்தாள், பிறகு கூட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆமாக்கா. எங்க பங்குலதான் இருக்கு" என்று மயிலாள் அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்.

இப்போது ராக்கம்மாளுக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. கையில் பிழிந்த போர்வையோடு அப்படியே நின்றாள்.

"அதெப்படி? பாதி எங்க பக்கமும் இருக்கு. நீ மட்டும் ஏன் விடணும்?"

இல்லவே இல்லை, முழுவதும் எங்கள் பக்கம்தான் என்றாள் ஜெபமணி. பாதி எங்களுடையது என்று ராக்கம்மாள் அடித்துப் பேசினாள். திரும்பவும் சண்டை. ஆனால் இந்த மாதிரிச் சண்டையை அந்த லைன் வீடு அதுவரை பார்த்ததே இல்லை. நான்காம் வீட்டுக்காரர்கள் தங்கள் துணியை நெருக்கிப்போட்டு ஒரு முழம் ஒதுக்கினார்கள். மூன்றாம் வீடும் இரண்டாம் வீடும் ஒதுங்கின. மயிலாள் அக்கா இரண்டு மூங்கில் கம்புகளைக் கொண்டுவந்து, கம்பி ஆடாமல் கூட்டுக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுத்தார்.

அன்று ஆறு வீட்டுத் துணிகளும் கம்பியில் நெருக்கியடித்துத் தொங்கின. நடுவில் நான்கு முழம் வெறும் கம்பி. அதில் சின்னக் கூடு. மதியம் சிட்டு இரை தேடிப் பறந்துபோய்த் திரும்பி வந்தபோது, அது உள்ளே நுழைகிறவரை பெரியவர்கள் எல்லோரும் பேசாமல் நின்று பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயைக்கூட யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

நெருக்கிப்போட்டாலும் துணிகள் எப்படியோ காய்ந்துவிட்டன. சைக்கிள்மேல் போட்ட ஆஷாவின் பள்ளிப் பாவாடை மட்டும் சரியாகக் காயவில்லை. திங்கட்கிழமை காலையில் அதை உடுத்தியபோது சில்லென்று காலில் ஒட்டியது. அவள் சிரித்துக்கொண்டே கிளம்பினாள்.

வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த வினிதா பாவாடையைத் தொட்டுப்பார்த்து, ஏன் இவ்வளவு ஈரம் என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க, வினிதா" என்றாள் ஆஷா. "சாயங்காலம் வர்றியா? ஆனா சத்தம் போடாம வரணும்."