அசையும் தட்டு

வலியே இல்லாததுதான் வீப்கேவை முதலில் உறுத்தியது.

இருபத்திரண்டு வருடம் ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்க் நகரில் பேருந்து ஓட்டித் தேய்ந்த இடுப்பு. முதுகெலும்புகளை இணைத்து இறுக்கினால் வலி போகும், ஆனால் அந்த இடம் வளையாது என்றார் மருத்துவர். வளைய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துச் எலும்புகளுக்கு நடுவே வைக்கும் செயற்கைத் தட்டைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆயிற்று. இப்போது இடுப்பு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

காலை பத்து மணிக்குச் சமையலறை ஜன்னலில் மூடுபனி அப்பிக்கிடக்க, முட்டைக்கோஸ் வேகும் நெடிக்கும் வெந்நீர்க் குழாயின் முனகலுக்கும் நடுவே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவளுக்கு, வயிற்றுக்குப் பின்னால் எங்கோ மெல்லிய சத்தம் கேட்டது. க்ளிக். ஒரு கிழங்கு நழுவி விழுந்தது. எடுக்கலாம் என்று நினைப்பதற்குள் அது அவள் கையில் இருந்தது.

மேஜையில் செய்தித்தாளுடன் உட்கார்ந்திருந்த கணவன் டெட்லெஃப் சிரித்தான். "குனியாதேன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டாரே, சர்க்கஸ்காரி!"

"நான் குனியல."

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரியா குனிஞ்சா?"

அவள் மருத்துவமனைக்குத் தொலைபேசினாள். எடுத்தது செவிலி.

"எக்ஸ்ரே படத்துல எல்லாம் அம்சமா இருக்கு மேடம். தட்டு நல்லா அசையுது."

"அது தானா அசையுதுங்க."

"அசையத்தானே வெச்சோம்?"

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடி போன்ல?" என்றான் அவன், முதுகுக்குப் பின்னால்.

அவள் திரும்ப நினைக்கவில்லை.

க்ளிக்.

இடுப்பு திரும்பியது. இடது கை வழுக்கியது. பிறகு வலது கை. இப்போது அவனுக்கு நேராக அவள் முகம். கீழே பார்த்தாள். தன் குதிகால்கள் தெரிந்தன. கால் விரல்கள் தொட்டிப் பக்கமே இருந்தன.

வலி இல்லை.

செய்தித்தாள் கீழே விழுந்தது. "வீப்கே... போதும். நில்லு."

நிற்கத்தான் பார்த்தாள்.

க்ளிக்.

அவன் முகம் மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தது. மறைந்தது. சுவர் வந்தது. மூடுபனி அப்பிய ஜன்னல் வந்தது. நிற்கவில்லை. அடுப்பு. கதவு.

மறுபடி அவன் முகம், வாய் பிளந்தபடி.