தவிலுக்குக் கொடுத்த குரல்கள்

தணிகாசலத்துக்குத் தும்மல் வந்தது. சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினார். தெருவுக்குப் பொதுவான தும்மல் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீரத் தும்மினார். பிறகு திரும்பி வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். நிலவின் வெண்குகை நகரில் இதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய சுரங்கத்துக்குள் இருந்தது அந்த நகரம். காற்று கசியாமலிருக்கச் சுவர்களில் பூசியிருந்த பூச்சு, சத்தம் மிஞ்சினால் மயிரிழையாக விரிசல் விடும். அதனால் ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் ஒலிப்பங்கு அளந்து விட்டிருந்தார்கள். பேச்சு, சிரிப்பு, குறட்டை எல்லாம் அதில் அடக்கம். பங்கு தீர்ந்தால் கூரையில் இருக்கும் செவிமானி சிவக்கும். அதற்குப் பிறகும் சத்தம் கேட்டால் வீட்டுக்குப் பூட்டு. காதோடு காதாகக் கிசுகிசுப்பது மட்டும் செவிமானிக்கு எட்டாது. விருப்பப்பட்டால் ஒருவர் தன் பங்கை வேறொருவருக்கு எழுதித் தரலாம்.

தணிகாசலமும் மகள் நிறைமதியும் தங்கள் பங்கை அவர் மனைவி திலகவதிக்கு ஓராண்டுக்கு எழுதித் தந்திருந்தார்கள். திலகவதி, நாற்பத்தேழு வயதில், தவில் கற்கப் பூமிக்குப் போகவிருந்தாள்.

தஞ்சாவூரில் கோடைகால வகுப்பு. நிலவிலிருந்து ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். ஆனால் பூமியின் ஈர்ப்பில் கை ஓயாமல் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவள் மணிக்கட்டில் ஈயப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு தினமும் சாதகம் செய்தாள். நிலவில் அடித்த குச்சி மேலே துள்ளிக்கொண்டு போகும்; அதை அடக்கவே மூன்று மாதம் பிடித்தது. தவிலோ மூன்று பேரின் பங்கையும் ஒரே மூச்சில் குடித்துவிடும்.

தணிகாசலம் குறட்டைக்குப் பயந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார். ஒருநாள் திலகவதி சாதகம் முடித்து வெளியே வந்தபோது, நிறைமதி கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் மறுநாள் பேச்சுப் போட்டி. பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. "பரவால்லம்மா, தலைப்பே சரியில்ல" என்று அம்மாவின் காதில் சொன்னாள். அந்த மூச்சுக்காற்றின் சூடு அன்று முழுவதும் திலகவதியின் காதைச் சுட்டுக்கொண்டே இருந்தது. அதன்பின் தவிலில் விழுந்த ஒவ்வோர் அடியும் மகளின் வாயில் விழுவதாகவே அவளுக்குப் பட்டது.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது கணவரின் காதருகே குனிந்தாள். "நான் போகலைங்க. உங்க ரெண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டுட்டு எனக்கு என்ன சங்கீதம் வேண்டிக்கிடக்கு?"

"பைத்தியம். நீ போனதும் பாரு, அவளும் நானும் இத்தனை மாசப் பேச்சையெல்லாம் கத்தித் தீத்துருவோம்."

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மூவரும் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அப்படித்தான் சாப்பிடுவது வழக்கமாகியிருந்தது. சத்தமின்றிச் சிரித்ததில் நிறைமதிக்குப் புரையேறியது. மனைவி போவதற்குள் சொல்லியாக வேண்டுமென்று தணிகாசலம் பள்ளிக்கூடத்துக் காதல் கதையைக்கூடச் சொன்னார்.

விண்கப்பல் ஏறுமுன் அவள் செய்த கடைசிக் காரியம் இருவர் பங்கையும் திருப்பிக் கொடுத்ததுதான்.

தஞ்சாவூரில் உடம்பு கல்லாகக் கனத்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் யாரிடமும் எதையும் பிடுங்காமல் வாசிக்க முடிந்தது. பத்தாம் நாள் வீட்டுக்குப் பேசினாள். காதைப் பிளக்கும் இரைச்சலை எதிர்பார்த்திருந்தாள். திரையில் கூடம் காலியாக இருந்தது. சத்தமே இல்லை.

"ம், சொல்லு" என்றபடி தணிகாசலம் வந்தார். கண்ணில் படம் ஓடும் காட்சிக் கண்ணாடி. பார்வை இவள் மேல் இல்லை.

"என்னங்க இவ்ளோ அமைதியா இருக்கு? பங்கு வரலையா?"

"வந்துருச்சே. அன்னிக்கே வந்துருச்சு."

"அப்புறம் பேசறதுக்கென்ன? நிறைமதி எங்க?"

"உள்ள இருக்கா. இரு, சாப்பிட வரச்சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கேன்."

அடுத்த அறைக்கு! நிறைமதி இரண்டு நிமிடம் வந்து நின்றாள். "எல்லாம் நல்லாருக்கும்மா. வேற என்ன?" என்றாள். அவள் கண்ணிலும் கண்ணாடி.

திலகவதி ஒலிப்பங்கு அலுவலகத்தை அழைத்தாள். பெண்குரலில் பேசும் எந்திரம் எடுத்தது.

"வீட்டார் கொடுத்த ஓராண்டுச் சம்மதம் இன்னும் செல்லுமா?"

"செல்லும். ஆனா நீங்க ஊர்லயே இல்லையேம்மா?"

"ரெண்டு பங்கையும் மறுபடி என் பேருக்கு மாத்துங்க."

"மாத்தறேன். ஒண்ணு சொல்லட்டுமா? உங்க சுரங்கத்துல எந்த வீட்லயும் பாதிப் பங்குகூடத் தீர்றதில்ல. ஒருத்தரோட ஒருத்தர் பேசற பழக்கம் பூமியில இருந்தப்பவே விட்டுப்போச்சு. கேட்டிருந்தா பக்கத்து வீடே கொடுத்திருக்கும்."

திலகவதிக்கு முகம் எரிந்தது. இத்தனை மாதமாக இருவரையும் கொள்ளையடித்ததாக நினைத்து அழுதிருக்கிறாள். உண்மையில் இப்போதுதான் கொள்ளையடிக்கிறாள். மகளுக்குப் பேச்சுப் போட்டி திரும்ப வரும். கணவர் மறுபடி உட்கார்ந்தபடி தூங்குவார். "வேண்டாம், விட்டுருங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். தலையோடு தலை ஒட்டிச் சாப்பிட்ட மேசை நினைவுக்கு வர, அழைப்பைத் துண்டித்தாள்.

மறுவாரம் அழைத்தபோது கூடத்தில் இருவரும் இருந்தார்கள். கண்ணாடிகள் மேசைமேல் கிடந்தன. நிறைமதி அப்பாவின் காதில் வாயை வைத்து ஆவேசமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் பதிலுக்கு அவள் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னார். பிறகு இருவரும் சேர்ந்து திரையை முறைத்தார்கள்.

"உனக்குக் கொஞ்சம்கூட மனசாட்சியே இல்லையாம்மா?" என்று நிறைமதியின் உதடுகள் கேட்டன.

இல்லையென்று தலையாட்டிவிட்டு, திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.