ஐம்பது வருஷக் கட்டி

தளம் போடும் நாளில் கொத்தனார்கள் இப்போதெல்லாம் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. கான்கிரீட்டுக்குக் காது உண்டு என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. இறுகும்வரை பக்கத்தில் எழும் ஒலியையெல்லாம் அது உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். 'கல்செவி' இயந்திரத்தில் வைத்து நசுக்கினால், உடையும்போது அந்த ஒலி திரும்ப வரும். அப்பா குரலைக் கேட்க ஆசைப்பட்டு, அவர் கட்டிய வீட்டின் தூணையே அறுத்து எடுத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். என்ன செய்வது, ஏக்கம் யாரை விட்டது!

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் பொற்கொடி. கல்செவியைக் கண்டுபிடித்தவள். எழுபத்தோரு வயதில், தான் படித்த பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில், ஒரே ஒரு கட்டிக்காக உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து அங்கே ஒரு வழக்கம். கடைசி வருஷ மாணவர்கள் இரண்டிரண்டு பேராகக் கான்கிரீட் கட்டி வார்த்து, பெயர் கீறி, நிலவறையில் அடுக்க வேண்டும். ஐம்பது வருஷம் கழித்து அதை நசுக்கி, பலம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். அதற்கு ஒரு நாள் முன்னால் துணைவேந்தரே கேட்டாலும் கட்டி வெளியே வராது. பொற்கொடிக்கும் வரவில்லை.

கட்டியில் இரண்டு பெயர்கள்: பொற்கொடி, இன்னாசிமுத்து.

இன்னாசி நாற்பது வயதில் மாரடைப்பில் போய்விட்டான். துக்க வீட்டில் அவன் தங்கை சொன்னாள், "கட்டி வார்த்த அன்னிக்கு உங்ககிட்ட மனசுல உள்ளதக் கேட்டுச்சாமே அண்ணன். நீங்க பதிலே சொல்லலையாம்."

பொற்கொடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் கேட்டதாக அவளுக்கு நினைவே இல்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சரியென்று சொல்லியிருப்பாளே! அவன் என்ன கேட்டான், எப்படிக் கேட்டான்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கல்செவியே பிறந்தது.

"ஆரம்பிக்கட்டுமா மேடம்?" என்றார் ஆய்வக உதவியாளர் ஷாகுல்.

கட்டி நொறுங்கத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் இருபத்தோரு வயதுப் பொற்கொடி பேசினாள். விடுதிச் சாம்பாரைத் திட்டினாள், வேலை நேர்காணலைப் பற்றிப் புலம்பினாள். அம்மாடி, என்ன வாய்! நடுநடுவே இன்னாசி "ம்" என்றான். கட்டி இறுக எடுத்துக்கொண்ட மூன்று மணி நேரமும் அதே கதைதான். இவளுக்கே தன் குரல் சலித்துப்போனது.

கடைசியில் அவன் குரல் தயங்கி வந்தது. "பொற்கொடி, ஒண்ணு கேக்கணும்."

"இருடா, அப்புறம் கேளு. சிமெண்ட்ல ஊசி எறங்குதா பாரு மொதல்ல."

"எறங்கல."

அதோடு நின்றுவிட்டது. ஊசி இறங்கவில்லை என்றால் கான்கிரீட் இறுகிவிட்டது என்று பொருள்.

"இதுக்கு மேல அதுக்குக் காது கேக்காது மேடம்," என்றார் ஷாகுல். தட்டில் வெறும் தூள் கிடந்தது. "பதிவு மட்டும் இருக்கு."

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி நிமிஷத்தை இன்னொரு வாட்டி போடுங்க ஷாகுல். என் குரலை மட்டும் எடுத்துடுங்க."

போட்டார்.

"பொற்கொடி, ஒண்ணு கேக்கணும்."

அவள் குரல் இருந்த இடம் இப்போது காலியாக இருந்தது.

"கேளுடா," என்றாள் பொற்கொடி. "சும்மா கேளு."

"எறங்கல," என்றான் இன்னாசி.