ஷவர் பம்பும் ஒலிவிழுங்கியும்

ஷவர் பம்பு மறுபடியும் அலறியது. நாச்சிமுத்து சோப்பு நுரையோடு சுவரை ஓங்கிக் குத்தினார்.

"சனியனே! உன்னை மாட்டுனவன் வெளங்குவானா?"

கோவைக்கு இப்போதெல்லாம் கடலிலிருந்துதான் குழாய்த் தண்ணீர். மேடேறி வரும் களைப்பில், ஒன்பதாவது மாடியில் மூக்கு ஒழுகுவதுபோலச் சொட்டும். பம்பு இல்லாமல் குளியல் இல்லை. அடியில் ரப்பர் வைத்து மாட்டினால் அதிராது என்று பம்பு மாட்ட வந்த பிட்டர் சொன்னான். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று எகிறி, நேராகச் சுவரில் முடுக்க வைத்தவர் சாட்சாத் நாச்சிமுத்துதான். அதை அவரிடம் யார் சொல்வது? வெளியே மனைவி தெய்வானை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கடையிலிருந்து ஃபரூக் என்பவன் ஒலிவிழுங்கியைக் கொண்டுவந்தான். வடை அளவுத் தகடு. வரும் ஒலிக்கு நேர் எதிரான அலையை உமிழ்ந்து, வீட்டுக்குள் அது கேட்காதபடி செய்துவிடும்.

"மூணு நாள் கத்துக்கும் சார். பம்பு ஓடுறப்பெல்லாம் எது கேக்குதோ, அதுதான் இரைச்சல்னு எடுத்துக்கும். அந்த நேரம் யாரும் பேசாதீங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும். கெளம்பு!"

மூன்று நாளும் பம்பு ஓடியது. ஓடியபோதெல்லாம் அவர் கத்தினார். பம்பை, பிட்டரை, மாநகராட்சியை, துண்டை ஈரமாக வைத்ததற்குத் தெய்வானையை.

நான்காம் நாள் பம்பு ஓடுவதே தெரியவில்லை. வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தவர் காப்பியை எடுத்தார். ஆறியிருந்தது.

"இதை எவன் குடிப்பான்?" என்று கத்தினார். வாய்தான் அசைந்தது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி கத்தினார். தெய்வானை நிம்மதியாக அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெய்வானை..." என்றார் மெல்ல.

"என்னங்க?"

மெல்லச் சொன்னது மட்டும் கேட்டது.

ஃபரூக் வந்து பார்த்தான். "கோபத்துல கத்துற குரலையும் இரைச்சல்னு கத்துக்கிச்சு சார். மெதுவா பேசினா கேக்கும். கத்துக்கிட்டதை அழிச்சிரலாம், அம்மா பேர்லதான வீடு? அவங்க கை வெச்சாப் போதும். ரெண்டையும் அழிக்கலாம், ஒண்ணை மட்டும்னாலும் அழிக்கலாம்."

தெய்வானையின் முகம் சிவந்துவிட்டது.

"பம்பு வந்து நாலு மாசந்தான் ஆச்சுங்க தம்பி. இது முப்பத்தொரு வருசம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வீட்ல நான் நிம்மதியாச் சோறு தின்னுருக்கேனா?"

ஃபரூக் தகட்டைக் காட்டினான்.

"பம்பு கத்துனாக் கத்தட்டும். பம்பைக் கத்துக்கிட்டதை மட்டும் அழிச்சிருங்க."

சொல்லிவிட்டுத் தகட்டில் அறைந்தாற்போல் கையை வைத்தாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

பம்பு வீடதிர அலறியது. நாச்சிமுத்து கதவை இடித்து, தொண்டை கிழியக் கத்தினார், கத்திக்கொண்டே இருந்தார். அரை மணி கழித்துப் பம்பு நின்றது. தலையைத் துவட்டியபடி தெய்வானை கதவைத் திறந்தாள்.

"ஏதாச்சும் சொன்னீங்களா?"