சுவரைப் பார்த்த பேராச்சி

மதிய வியாபாரம் முடிந்து பாதி இறக்கியிருந்த ஷட்டரை, கடையில் வேலை பார்க்கும் பூமாரி நாலரை மணிக்குத் தூக்கினாள். முதலாளி மாசானம் அண்ணாச்சி அடுப்படியில், பரண் ஏணிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட கூச்சலில், அந்த மழையிலும் பம்பாய் லேபர் கேம்ப் சந்து முழுக்கக் கூடிவிட்டது.

பேராச்சி விலாஸ் ஒன்றும் பெரிய ஹோட்டல் இல்லை. ஆறு மேசை, முனகிக்கொண்டு சுற்றும் ஒரு ஃபேன், தாழ்வான அடுப்புத் திட்டு, அதன் மேல் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய இரும்புத் தோசைக்கல். தோல் பட்டறைக்காரனும் பாங்க் ஆபீசரும் டாக்ஸி ஓட்டும் பிகாரியும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து ஒரே சாம்பார் வாளிக்குக் காத்திருப்பார்கள். ஒருவருக்கொருவர் பேர் தெரியாது. ஆனாலும் எதிராளி தட்டில் சட்னி தீர்ந்தால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார்கள். பம்பாயைப் பற்றி யார் கேட்டாலும் சப்-இன்ஸ்பெக்டர் பிரேமலதாவுக்கு இந்தக் கடைதான் நினைவுக்கு வரும். பக்கத்துச் சந்தில் பிறந்தவள். போலீஸ் பரீட்சைக்குப் போன காலையில் அண்ணாச்சி அவளுக்குத் தன் கையால் கேசரி வைத்தார். அந்த மனிதரின் மேல்தான் இப்போது அவள் வெள்ளைத் துணியைப் போர்த்த வேண்டியிருந்தது.

"ஏணி வழுக்கியிருக்கும்" என்றார் பெரிய இன்ஸ்பெக்டர். அடுப்பைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். தோசைக்கல் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. "இவ்வளவு சுத்தமான கிச்சனை நான் பார்த்ததே இல்லை."

பிரேமலதாவின் கண் வேறு இடத்தில் இருந்தது. அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பேராச்சி அம்மன் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அண்ணாச்சி வீட்டுக் குலதெய்வம். அது பார்க்கும் இடத்தில் பொய் சொல்ல இந்தப் பக்கத்துத் தமிழர் யாருக்கும் தைரியம் வராது.

"இதை யாரு திருப்புனது பூமாரிக்கா?"

"அய்யோ, காலைல நாந்தாம்மா பூப் போட்டேன். அப்ப நேராத்தான் இருந்தா." படத்துக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பூச்சரம் நசுங்கிக் கிடந்தது.

"காற்று" என்றார் இன்ஸ்பெக்டர். ஆணியில் தொங்குகிற படத்தைப் புரட்டிப் போடுகிற காற்று பம்பாயில் அடித்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

இருட்டுவதற்குள் டாக்டர் போன் செய்துவிட்டார். ஏணியிலிருந்து விழுந்த அடி இல்லை. தோளில் விரல் தடம். யாரோ பிடித்துத் தள்ளி, பின்மண்டை ஏதோ இரும்பு விளிம்பில் மோதியிருக்கிறது. அங்கிருந்து ஏணியடிக்கு இழுத்திருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார். உயிர் உடனே போகவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்.

அந்த நேரம் பார்த்துத் தோசை மாஸ்டர் சுடலைக்கண்ணன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். மத்தியானங்களில் பரணில் படுத்துத் தூங்குகிற ஆள். அன்று மட்டும் அங்கே இல்லை.

"மத்தியானம் அண்ணாச்சிகிட்ட என்ன சண்டை?"

"கடையைப் பில்டருக்குக் குடுக்கப் போறாவன்னு அந்த ஏஜென்ட் கேஷவ் சொன்னான். இம்புட்டு வருசம் இங்க நின்ன காலு இனி எங்க போயி நிக்கும்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"போலே, கிறுக்குப்பயலேன்னாவ."

"அப்புறம் எங்க போனீங்க?"

"கோவத்துல மாஹிம் பக்கமா நடந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"மழைதாம்மா பாத்துது."

சண்டையைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு அதுவே போதும். காலையில் கோர்ட். ஜாமீனுக்கு நிற்க சுடலைக்கண்ணனுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஆள் மாசானம் அண்ணாச்சிதான், அவரும் பிணவறையில் கிடந்தார். உள்ளே போனால் அந்தக் கிழவன் இனி வெளியே வரமாட்டான் என்று பிரேமலதாவுக்குத் தெரிந்திருந்தது.

விடிந்ததும் அவள் மறுபடி கடைக்குப் போனாள். மழை விடவில்லை. கல்லா மேசையில் அண்ணாச்சியின் ஒரே மகன் முத்துசெல்வம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சான்பாடாவில் ஃபிளாட், பெலாப்பூரில் ஆபீஸ்.

"மாஸ்டரை விட்டுருங்கக்கா. அப்பாவுக்குத் தம்பி மாதிரி. அவர் பண்ணியிருக்க மாட்டாரு" என்றான். சொல்லும்போதே அழுதான்.

பூமாரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "தம்பி, அப்பா வேட்டியெல்லாம் பரண்லதான் இருக்கு. எதைப் போத்தணும்னு வந்து பாருங்க."

அவன் எழுந்து அடுப்படி வாசல்வரை போய் நின்றுவிட்டான். "நீங்களே எடுங்கக்கா. அப்பா என்னைய உள்ள விட்டதே இல்ல."

"அது அண்ணாச்சி வைராக்கியம்லா" என்று பூமாரி பிரேமலதாவிடம் முணுமுணுத்தாள். "எம்புள்ள கரண்டி பிடிக்கக் கூடாது, ஏசி ரூம்லதான் உக்காரணும்பாவ. சின்னதுல இந்தப் புள்ள வாசப்படியைத் தாண்டுனா தோசை திருப்புற சட்டுவத்தைத் தூக்கிட்டு விரட்டுவாவ."

துக்கம் கேட்கக் கேஷவ் வந்தான். பில்டரின் ஏஜென்ட். மழைக்கோட்டைக் கழற்றாமலே நின்றான். பிரேமலதா இந்தியில் கேட்டாள், அவனும் இந்தியிலேயே பதில் சொன்னான்.

"நேற்று மத்தியானம் எங்கே இருந்தாய்?"

"சந்து முனை டீக்கடையில் மேடம். கையெழுத்து நேற்றே ஆகிவிடும் என்றார்கள். அதனால் காத்திருந்தேன்."

"யார் சொன்னது?"

அவன் காதில் விழாதவன்போல மழையைப் பார்த்தான். அவள் அப்போதைக்கு விட்டுப் பிடித்தாள்.

அடுப்படிக்குள் போனவள் திடுக்கிட்டு நின்றாள். நேற்றுப் பளபளத்த தோசைக்கல்லில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. ரத்தமா? நகத்தால் சுரண்டினாள். துரு.

"பூமாரிக்கா, இங்க வாங்க."

பூமாரி எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எந்த மூதேவி இதுல சோப்புப் போட்டுக் கம்பியால தேச்சது! நேத்து இருந்த இருப்புல நான் கல்லைப் பாக்கவே இல்லையே."

"சோப்புப் போட மாட்டீங்களா?"

"போட்டா கல்லு செத்துரும்மா. அப்புறம் தோசை எழும்பாது. கரண்டியால சொரண்டி, எண்ணெயில முக்குன வெங்காயத்தால தேச்சு விடுவோம். மூடுமுன்ன ஒரு எண்ணெய் பூசுவோம். என்னைக்கும் கருகருன்னு இருக்கும். சோப்புக் கையோட கல்லைத் தொட்டதுக்கே மாஸ்டர் என்னைய ஏசியிருக்காரு."

பிரேமலதா கல்லைப் பார்த்தாள். திரும்பி எதிர்ச்சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. போனை எடுத்து, கோர்ட்டுக்குப் போகிற ஜீப்பை இந்தச் சந்துக்குத் திருப்பச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு வந்தார். பின்னால் கைவிலங்கோடு சுடலைக்கண்ணன்.

"சார், அண்ணாச்சி தலை மோதியது இந்தக் கல்லின் விளிம்பில். ரத்தத்தை மறைக்க யாரோ சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். எண்ணெய் இல்லாத இரும்பு இந்த மழைக்காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் துருப்பிடித்துவிட்டது."

"இவன்தான் பதற்றத்தில் தேய்த்திருப்பான்."

"ரத்தம் போக ஈரத்துணி போதும் சார். மாஸ்டராக இருந்தால் துடைத்த கையோடு எண்ணெயைப் பூசியிருப்பார். நினைத்துச் செய்கிற வேலை இல்லை அது, கை தன்னால் செய்யும். பூமாரிக்காவும் அப்படித்தான். கல்லைத் தேய்த்தது அடுப்படியில் ஒருநாளும் நிற்காத ஆள்."

"அப்படியென்றால் கேஷவ்."

"கேஷவுக்கு அந்தப் படம் ஏதோ ஒரு சாமி படம். அதைச் சுவருக்குத் திருப்ப அவனுக்கு என்ன அவசியம்? திருப்பியது பேராச்சியின் கண்ணுக்குப் பயந்த ஆள். இந்த வீட்டு ஆள், ஆனால் அடுப்படி ஆள் இல்லை. அப்படி ஒருத்தர்தான் இருக்கிறார்." அவள் கேஷவ் பக்கம் திரும்பினாள். "கையெழுத்து ஆகும் என்று சொன்னது யார்? இப்போதாவது சொல்."

கேஷவ் குனிந்த தலையோடு, கல்லாவில் திரும்பப் போய் உட்கார்ந்திருந்தவனைக் கைகாட்டினான்.

முத்துசெல்வம் எழுந்திருக்கவில்லை. ஓடவும் இல்லை. "கையெழுத்து மட்டும் போடுங்கன்னுதான்க்கா கேட்டேன். கேஷவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு கெஞ்சுனேன். எனக்கப்புறம் கடை மாஸ்டருக்குத்தான்னாங்க அப்பா. தோளைப் பிடிச்சுத் தள்ளிட்டேன். தள்ள மட்டுந்தான் செஞ்சேன். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல. கல்லைத் தேச்சேன், தேச்சுக்கிட்டே இருந்தேன். பேராச்சி பாத்துக்கிட்டே இருந்தா."

அவன் தேய்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அண்ணாச்சிக்கு உயிர் இருந்தது. டாக்டர் சொன்னதை நாளைக்குக் கோர்ட்டில் அவன் கேட்கத்தான் போகிறான். இன்று தன் வாயால் சொல்ல பிரேமலதாவுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. மகனை அடுப்படி அண்டவிடாத அந்தப் பாசக்கார மனுஷன் மேலும் ஆத்திரமாக வந்தது.

சுடலைக்கண்ணனின் விலங்கைக் கழற்றி அதையே முத்துசெல்வத்துக்குப் பூட்டினார்கள். ஜீப் பக்கம் நடந்தவன் அடுப்படி வாசலில் நின்று கல்லைப் பார்த்தான்.

"சோப்புப் போடக்கூடாதுன்னு எனக்கு நெசமாவே தெரியாது மாஸ்டர்" என்றான்.

சுடலைக்கண்ணன் அவன் பக்கமாக ஓரடி எடுத்து வைத்தார். மூன்று வயசில் அந்த வாசப்படியைத் தாண்டி ஓடிவந்த பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டவர் அவர்தான். முதலாளி உத்தரவு.

"ஒருநாளு உள்ள விட்டிருக்கலாம்யா" என்று அழுதார். "நாங்க ஒன்னைய ஒரே ஒருநாளு உள்ள விட்டிருக்கலாம்."

ஜீப் மழையில் கிளம்பிப் போனது.