பின்கட்டடம் வரைக்கும்

"வழிய விடுங்க மேடம்!"

அண்ணனின் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றவனின் குரலில்தான் எத்தனை வீம்பு! ஆனால் அந்தக் கண்கள்... தூத்துக்குடி வானத்து மேகம் போல, பெய்யவா வேண்டாமா என்று நின்றன. பத்மஜா ஒரு கணம் சொல்ல வந்ததையே மறந்தாள். சீ, வேலை நேரத்தில் இதென்ன நினைப்பு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவள் ஆலோசகர். வலி மாத்திரைக்கு அடிமையாகி வருகிறவர்களிடம் சீட்டை நீட்டி, 'போய்ப் பாருங்க' என்று கைகழுவ மாட்டாள். பின்கட்டடத்தில் இருக்கும் மீட்பு சிகிச்சைப் பிரிவுவரை கூடவே நடந்துபோய், டாக்டர் முன்னால் உட்காரவைத்த பிறகுதான் திரும்புவாள். சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த பொன்னுதுரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். முதுகில் அடிபட்டு, வலிக்காகத் தின்ற மாத்திரை இப்போது அவனைத் தின்றுகொண்டிருந்தது.

"அங்கன போனா ஊரே பாக்கும். எங்க அண்ணனுக்கென்ன பைத்தியமா?" என்றான் தம்பி செந்தூர்வேல். "திருச்செந்தூர்ல கயிறு கட்டி சத்தியம் வாங்கினா சரியாப் போவும். எத்தன பேரு குடிய விட்டிருக்கான் தெரியுமா?"

"தாராளமா கட்டுங்கோ சார். ஆனா மாத்திரைய ஒரேயடியா நிறுத்தினா உடம்பு தாங்காது..."

"உங்களுக்கு எங்க முருகன் மேல நம்பிக்கை இல்ல!"

கொட்டும் மழையில் அண்ணனையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போயேவிட்டது.

கயிறும் கட்டியாயிற்று. சத்தியத்துக்குப் பயந்து பொன்னுதுரை மாத்திரையைத் தொடவில்லை. வாந்தி, பேதி, நடுக்கம்... சில நாளிலேயே துவண்டு விழுந்த அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு அதே வாசலுக்கு ஓடிவந்தான் செந்தூர்வேல்.

"நான்தான் அவன இப்படி ஆக்கிட்டேன்..." என்று உடைந்து அழுதான்.

'அன்னைக்கே சொன்னேனே' என்று பத்மஜா குத்திக்காட்டவில்லை. குளுக்கோஸ் ஏறி அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்ததும், "மாத்திரை உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. இனிமே பழைய அளவுல ஒரு தடவை போட்டாக்கூட மூச்சு நின்னுடும். வாங்கோ, போலாம்" என்றாள்.

"கயித்த அறுக்கணுமா?" என்றான் தம்பி.

"எதுக்கு? கயிறு மனசுக்கு, மருந்து உடம்புக்கு. ரெண்டும் இருக்கட்டுமே!"

பின்கட்டடம்வரை நாற்காலியை அவனே தள்ளினான். ஊர் பார்த்தது, பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது.

அதற்குப்பின் அண்ணன் மருந்துக்கு வரும் நாளெல்லாம் தம்பியும் டயர் கடை வேலையைப் போட்டுவிட்டு வந்தான்.

"டயர் கடைக்கு லீவா?"

"நான் இல்லாட்டா டயர் உருண்டு ஓடிராது மேடம்."

அவள் சிரிப்பாள். அவன் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்ப்பான். அந்த நாட்களில் பத்மஜாவின் உடம்பு நாற்காலியிலும் மனசு வாசலிலும் கிடந்தது.

ஒருநாள் பொன்னுதுரை மட்டும் வந்தான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தாள்.

"தம்பி?"

"இனி தனியாப் போயிப் பழகுன்னு சொல்லுதான் மேடம்."

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வாசல் வேப்பமரத்தடியில் தூறலில் நனைந்தபடி செந்தூர்வேல் நிற்கிறான்!

"ஏன் வரலை?" கோபமாகத்தான் கேட்க நினைத்தாள். கையோ குடையை அவன் தலைக்கு மேல் நீட்டியது.

"நான் கூட வராமலும் அண்ணன் வாரானான்னு தெரியணும். இன்னிக்கு வந்துட்டான். இனி நீங்க என்ன பதில் சொன்னாலும் அவன் வைத்தியம் நிக்காது. அதான் இத்தன நாளா வாயத் தொறக்கல..." மூச்சை இழுத்துக்கொண்டான். "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

"வேண்டாம்னு சொன்னா?"

"அண்ணன் மட்டும் வருவான்."

"அண்ணன் மட்டும் வந்தா..." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "இன்னிக்கு மாதிரிதான் இருக்கும். காலைலேர்ந்து ஒரு வேலையும் ஓடலை, செந்தூர்வேல்."