ஆணியில் தொங்கிய ஒற்றைத் தோடு

காலை பதினொரு மணி. முடி வெட்டிக்கொண்டு திரும்பிய பெரியவர் நேராகத் துணி துவைக்கும் அறைக்குள் நுழைந்தார். தொட்டிக்கு மேலே சுவரில் ஆணி இருந்தது. அதில் தொங்கிய தோடு இல்லை.

தோடு அவர் மனைவியுடையது. அதன் ஜோடி பல வருஷங்களுக்கு முன் இதே தொட்டியில் விழுந்து கழிவுக்குழாய்க்குள் போய்விட்டது. "தோட்டைக் கழட்டி வெச்சிட்டுத் துவைடீ" என்று அவர் தினமும் கத்துவார். அவள் சிரிப்பாள், கழற்ற மாட்டாள். ஒன்று தொலைந்த பிறகுதான் மற்றதைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "இப்போ உங்களுக்குத் திருப்திதானே?" அவள் போய்ச் சேர்ந்த பின்னும் அதை அவர் யாரையும் தொட விட்டதில்லை.

ஆயுசு முழுக்க மில் வாசலில் காவல் நின்றவர். வாசற்கதவைத் தாழிட்டார்.

"ஒருத்தரும் வெளியே போகக் கூடாது."

வீட்டில் மூன்றே பேர். மகள், அவள் புருஷன், தொட்டிக்கு அடியில் அலமாரி பொருத்த வந்த தச்சன். எந்நேரமும் காதில் பென்சில் செருகியிருப்பதால் எல்லோருக்கும் அவன் பென்சில்தான்.

"பையைக் கொட்டு."

உளி, ரம்பம், திருகாணிகள். வேறொன்றுமில்லை.

"ஒத்தைத் தோட்டை நான் எந்தக் காதுலங்க மாட்டிக்கப் போறேன்? ஒரு காதுல பென்சில் இருக்கு."

"வாய் நீளுது. குழாயைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு நேத்தே சொன்னேன். தொட்டுட்டியா?"

"என் கை அதுல படவே இல்லைங்க. திருடன்னு பேர் வந்துட்டா அப்புறம் எந்த வீட்டுல என்னை உள்ளே விடுவாங்க?"

"அப்பா, பாவம் அவரு" என்றாள் மகள்.

"பாவம் பார்த்துத்தான் மில்லுல பாதி நூல் வெளியே போச்சு."

மாப்பிள்ளை மழிக்காத முகத்தோடு அறை வாசலில் நின்று, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. ஜன்னல் திட்டில் அவருடைய ஷேவிங் கிண்ணம், நுரை பொங்க.

பெரியவர் குனிந்து அலமாரிக் கதவைத் திறந்தார். புது மரவாசனை. அதற்கும் அடியில் பழைய சோப்புச் சேற்றின் நாற்றம். அவள் நின்று துவைத்த காலத்து நாற்றம். தொட்டியிலிருந்து வளைந்து சுவருக்குள் போகும் கழிவுக்குழாய்க்கு, பின்பலகையில் ஓட்டை போட்டிருந்தது. மோதிரம் மாட்டியதுபோல் கச்சிதமான வட்டம். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"பென்சில், நீ எடுக்கலை."

"அப்பாடா!"

"இந்தப் பக்கம் தொட்டி, அந்தப் பக்கம் சுவர். நடுவுல இருக்கிற குழாய்க்குப் பலகையைக் கீழேயிருந்து பிளந்து விட்டாத்தான் நுழைக்க முடியும். இதுல பிளவே இல்லை. முழு வட்டம். அப்படின்னா குழாயோட ஒரு முனையைக் கழட்டியிருக்கணும். நீ தொடலைன்னா வேற கை. கழட்டினா வளைவுல கிடக்கிற சேறு கொட்டும், அதோட அன்னிக்கு விழுந்த தோடும். ஒத்தைத் தோடு எவனுக்குப் பிரயோஜனம்? ஜோடி கிடைச்சவனுக்கு."

திரும்பினார்.

"மாப்பிள்ளை, இன்னும் மழிக்கலையே. கிண்ணத்துல எதுக்கு நுரை?"

பெரியவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டார். இரண்டு தோடுகள் வந்தன. ஒன்று பளபளப்பாக, ஒன்று இன்னும் கறுத்து.

"ஜோடிதானான்னு பார்க்கத்தான் மாமா ஆணியில இருந்து எடுத்தேன். சுத்தம் பண்ணி உங்க கையிலயே குடுக்கலாம்னு..."

"அதை அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"கையை ஒடிப்பேன்னு சொன்னீங்களே."

"ஏண்டா பென்சில், நீயாவது சொல்றதுக்கு என்ன?"

"குழாயைக் கழட்டினதைச் சொல்லாதேன்னாருங்க. தோடு கிடைச்சது எனக்கே இப்பத்தான் தெரியும். ஆனா என்னைத் திருடன்னு..."

"நினைச்சேன். தப்பு. டீ குடிச்சிட்டுப் போ."

தோடுகளை மகள் கையில் வைத்தார். அவள் அங்கேயே போட்டுக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பெரியவர் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் சேற்றுச் சட்டையை வாங்கித் தொட்டியில் போட்டு அவள் குனிந்ததும், அவரை அறியாமல் வாய் திறந்துகொண்டது.

"தோட்டைக் கழட்டி வெச்சிட்டுத் துவைடீ!"

மகள் சிரித்தாள். கழற்றவில்லை.

"விழுந்தா எடுத்துக்கலாம்ப்பா. குழாயைக் கழட்டத்தான் வீட்டுல ஆள் இருக்காரே."